ஆற்றங்கரையில் தாமசம் இல்லை

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை அது. அதில் என் சொந்தக் கையால் எழுதியது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு பூஜ்யம்தான் உண்டு. மற்றதெல்லாம் பேராசிரியர்கள் எழுதியது, நான் அவர்கள் பின்னால் அலைந்து வாங்கிச் சேர்த்தது.

என் உத்தியோகத்துக்குப் பெயர் ஒருங்கிணைப்பாளர். மலையாளம் பேசும் இந்த நகரத்தில், தமிழர்கள் குடியிருக்கும் வலியசாலைத் தெருவில் என் மனைவி முத்தாரம்மாள், "அவியளுக்கு கேஸ் கம்பெனியிலயாக்கும் வேலை" என்று பெருமையாகச் சொல்லிவைக்க, சிலிண்டர் சீக்கிரம் கிடைக்க வழி உண்டா என்று நாலு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களிடம் விளக்கிச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வடக்கே இருந்து பூமிக்கு அடியில் ஒரு குழாய் வழியாக எரிவாயு கொண்டுவரப் போகிறார்கள். போடும் முன்னால், அதனால் மண்ணுக்கு என்ன ஆகும், ஆற்றுக்கு என்ன ஆகும், மனுஷனுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து சர்க்காருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த வேலை எங்கள் சின்ன ஆபீசுக்கு வந்தது. எட்டு நிபுணர்கள். மீன் வாத்தியார், மழைக்கு முன்னால்தான் ஆற்றில் இறங்குவேன் என்பார். செடி வாத்தியார், மழைக்குப் பின்னால்தான் பூ பார்க்க முடியும் என்பார். இரண்டு பேரையும் ஒரே அத்தியாயத்தில் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் என் சம்பளத்துக்கு நான் செய்த வேலை.

நகரத்தின் ஓரத்தில் குழாய் வருவதற்கு இரண்டு வழி குறித்திருந்தார்கள். முதல் வழியில் அறுபத்தொரு வீடு, கொஞ்சம் ரப்பர், ஒரு கோவில் குளம். ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் பத்திரம் இருந்தது, தெரிந்த வக்கீலும் இருந்தார். இரண்டாம் வழி ஆற்றோரப் புறம்போக்கு. மாவடிக்கடவு என்று அந்த இடத்துக்குப் பெயர். ஆள் குறைவாகப் பாதிக்கப்படும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், மேடமாசத்து, அதாவது சித்திரை வெயிலில் நான் அங்கே போனேன். ஆள் கணக்கு எடுக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் படிவத்தோடு முன்னால் போனார்கள். ஜீப் கரைச்சாலை முடிகிற இடத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து கைதைத் தாழைப் புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. நாங்கள் பாதி வழி போகும்போது எங்கோ சாந்துச்சட்டியை மூன்று தடவை தட்டும் சத்தம் கேட்டது. யாரோ காய்ந்த சிமெண்டைத் தட்டிப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் வரிசையாகச் சென்ட்ரிங் பலகைகள் சாத்திவைத்த கொட்டகைகள். நீலத் தார்ப்பாய், கம்பிக் கட்டு, மணல் குவியல். குவியல் மேல் ஐந்தாறு ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலையில் சும்மாடு கட்டிய ஒரு பெண் எதிரே வந்தாள். நாற்பது வயது இருக்கும், விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்று வெடித்திருந்தது.

"இவிடெ ஆரெங்கிலும் தாமசம் உண்டோ?" என்று கணக்கெடுக்கிற பெண் கேட்டாள். தாமசம் என்றால் இங்கே குடியிருப்பு.

"ஆரும் இல்ல சாரே. இது கான்ட்ராக்டருக்க சாமான் வைக்கிற எடம். நாங்க பணிக்கு வந்த ஆளுங்க. வைகிட்டு பொழுது சாஞ்சாப் போயிருவோம்."

"ஊரு எங்க?" என்று நான் தமிழில் கேட்டேன்.

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "சங்கரங்கோயில் பக்கம் அண்ணாச்சி" என்றாள். உடனே மறுபடி மூடிக்கொண்டாள்.

எனக்குச் சும்மா நிற்க வராது. கொட்டகைக்குப் பின்னால் போனேன். அப்போதுதான் தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பு புஸ் என்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கவிழ்த்த இரும்பு வாளிக்கு அடியில் அரைவேக்காட்டுச் சோற்று வாசனை. பலகைகளுக்கு இடையில் விரல் அகல இடுக்கு. கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே முகம் தெரிகிற மாதிரி சிவப்புச் சிமெண்டுத் தரை, வெள்ளையடித்த சுவர், ஆணியில் பள்ளிக்கூடப் பை. திரும்பினால் சும்மாடு கட்டிய அந்தப் பெண் நின்றாள்.

"வெள்ளம் குடிக்கியளா அண்ணாச்சி?" என்றாள்.

தண்ணீரை வாங்கிக் குடித்தேன். எழுதினால் நாளைக்கு ஜேசிபி வரும், எழுதாவிட்டால் இவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. படிவத்தில் குடியிருப்பு என்ற இடத்துக்கு நேரே என் கையாலேயே பூஜ்யம் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவில், திரும்பும்போது பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் விடலை போட்டேன். நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வழிகளை ஒப்பிடும் அட்டவணை அதற்குப் பிறகு வந்தது. ஒரு பக்கம் அறுபத்தொன்று, மறுபக்கம் பூஜ்யம். டைப் அடிக்கக் கொடுத்தவன் நான்தான். அப்போதும் உறைக்கவில்லை. குழாய் பூமிக்கு அடியில்தானே போகிறது என்று இருந்துவிட்டேன். குழாய்க்கு மேலே இருபது மீட்டர் அகலத்துக்கு ஒரு கல்கூட எழும்பக் கூடாது என்று முந்தின பக்கத்திலேயே எழுதியிருந்தது. பிழை திருத்தியவனும் நான்தான்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தண்ணீர் கொடுத்த அந்தப் பெண் ஆபீசில் விசாரித்துக்கொண்டு வலியசாலைக்கு என் வீடு தேடி வந்தாள். கூட மகள், பிளஸ் டூ படிக்கிற அனுஷா. குடையை வெளியே வைத்துவிட்டு, உள்ளே வர மாட்டேன் என்று நடையிலேயே நின்றார்கள். முத்தாரம்மாள் அதட்டி உள்ளே கூட்டி வந்து காப்பி கொடுத்தாள்.

"எனக்க பேரு சுடலைமாடத்தி" என்றாள். "நீங்க அன்னிக்கு வந்து வெள்ளம் குடிச்சிய."

"ஞாபகம் இருக்கு."

அனுஷா ஒரு காகிதத்தை விரித்தாள். பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து வரைந்துகொண்டு வந்திருந்தாள். ஆறு, சாலை, அதன் நடுவே சிவப்பு மையில் கோடு.

"அங்கிள், இந்த லைன் ஞங்ஙளுடெ, எங்க வீட்டு மேலயா போகுது. அடியில, ஆள்தாமசம் இல்லன்னு எழுதியிருக்கு."

நான் மகள் முகத்தைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தேன்.

"நீங்கதான சொன்னிய, யாரும் இல்லேன்னு."

"சொன்னேன். இல்லேங்கல" என்றாள் சுடலைமாடத்தி. "பத்தொம்பது வருசமா அதத்தான் சொல்லுதேன். மொதல்ல ரயில் லைன் பக்கம் இருந்தோம் அண்ணாச்சி. ஒரு ஆபீசர் வந்து நல்ல மொகமா, எத்தன பேரு, எத்தன பிள்ளன்னு கேட்டு எழுதிட்டுப் போனாவ. வீடு தரப் போறாவன்னு வாயப் பொளந்துட்டுச் சொன்னோம். மறுவாரம் மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டுட்டாவ. இவளுக்கு மூத்தது ஒண்ணு கைப்பிள்ள. அந்த மழையில காய்ச்சல் கண்டு போயிட்டு. அதுக்கப்பெறவுதான் மாவடிக்கடவுக்கு வந்ததும் நான் சொல்லிட்டேன், கடலாசோட எவன் வந்தாலும் இங்க ஒருத்தரும் இல்ல. சட்டிய மூணு தட்டு தட்டுனா அடுப்ப அணைக்கணும், கொடியில கெடக்க துணிய எடுக்கணும், பலகையச் சாத்தணும், பிள்ளைகள ஆத்துக்கு அந்தால ஓட்டணும். நாப்பத்து மூணு வீடும் பழகிட்டு. கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள குடோன் ஆயிரும்."

"நல்லாத்தான் பழகியிருக்கிய" என்றேன். கசப்பில் வந்த பேச்சு. அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள்.

"இப்பம் எங்கள எழுதணும் அண்ணாச்சி. எழுதுன ஆளுக்கு வேற எடம் குடுப்பாவளாம்ல. இவ படிச்சுச் சொன்னா."

"குடுப்பாவ. அதுக்கு அங்க இருக்கியன்னு காட்ட ஏதாவது வேணும். ரேஷன் கார்டு?"

"அது ஊர்ல, கொழுந்தன் வீட்டு அட்ரஸ்ல."

"ஓட்டு?"

"அதுவும் அங்கனதான். எலெக்ஷனுக்கு பஸ் ஏறிப் போவோம்."

"கரண்டு பில்லு? பிள்ளைக்க ஸ்கூல்ல என்ன அட்ரஸ் குடுத்திருக்கு?"

"கரண்டு மேட்டு வீட்டுலேருந்து ஒரு வயரு. ஸ்கூலுக்கு எங்க சொந்தக்காரர் லிங்கம்னு ஒருத்தர் பழவங்காடியில ஓட்டல்ல நிக்காவ, அந்த ஓட்டல் அட்ரஸ்." சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "ஒரு துண்டுக் கடலாசுலகூட நாங்க இங்க இருக்கோம்னு வந்திரப்பிடாதுன்னு அவ்வளவு சூச்சிச்சு, பாத்துப் பாத்து இருந்தோம் அண்ணாச்சி."

முத்தாரம்மாள் காப்பித் தம்ளரை எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர்கள் போனபிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க கண்ணால பாத்தியளா, இல்லியா?"

"பாத்தேன்."

"பின்ன என்ன மயக்கம்?"

மறுநாள் எங்கள் முதலாளி ஸ்ரீகண்டன் சாரிடம் போனேன். மலையாளி, என்னை உரிமையோடு 'தான்' என்பார், நீ என்று அர்த்தம். கெட்ட மனிதர் இல்லை. மத்தியானம் தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு எடுத்துவைக்கிறவர். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடியும் திறந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடோ கோலப்பா, இந்த பூஜ்யம் நாப்பத்து மூணு ஆனா என்னாகும்னு தனக்கு மனசிலாயோ? டேபிள் மாறும். டேபிள் மாறினா ரூட் மாறும். ரூட் மாறினா மீன், செடி, மண்ணு எல்லாம் திரும்ப முதல்லேருந்து. ஒரு வருஷம்."

"ஆள் இருக்காங்க சார்."

"இருக்கட்டே. அவங்களே இல்லேன்னு பறஞ்சாங்க. கீழ தன்ற கையொப்பு. இப்ப திருத்தணும்னா, நான் கண்டும் பொய் எழுதினேன்னு தான் எழுதித் தரணும். தருவியா?"

அன்றைக்கு நான் தரவில்லை. பென்ஷன் இல்லாத வேலை, ஐம்பத்திரண்டு வயது. ஊர்மக்களிடம் சர்க்கார் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறதே, அதில் அவர்களே வந்து சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். பயந்துதான் வந்தேன், வேறொன்றும் இல்லை.

கருத்துக் கேட்பு பஞ்சாயத்துச் சமூகக்கூடத்தில் நடந்தது. தகரக் கூரை மேல் மழை கொட்டியதில் மைக்கில் பேசியதே பாதி கேட்கவில்லை. முதல் வழிக்காரர்கள் அறுபத்தொரு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஆபத்து தங்களை விட்டுப் போன மகிழ்ச்சியில், நாட்டின் வளர்ச்சிக்குக் குழாய் அவசியம் என்று பேசினார்கள். மாவடிக்கடவு ஆட்கள் கடைசி வரிசையில் ஈரத்தோடு நின்றார்கள். அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அனுஷா அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள், கூப்பிட்டார்கள்.

"வீட்டுப்பேரு?" என்று அதிகாரி கேட்டார். இந்த ஊரில் யார் எழுந்தாலும் முதலில் கேட்பது அது.

சுடலைமாடத்தி மகளைப் பார்த்தாள். அவர்கள் வீட்டுக்குப் பெயர் கிடையாது.

"வீட்டு நம்பர்?"

"நம்பர் இல்ல சாரே. பக்ஷே வீடு உண்டு. எனக்க வீட்டுக்காரர் வேல்சாமி கொத்தனார். தீந்த சிமெண்ட் சாக்க உதறி உதறி, ஒடஞ்ச வெட்டுக்கல்லா நாளுக்கு ஒண்ணு சொமந்து வந்து கட்டுன வீடு. ஞங்கள் அங்கதான் தாமசம். பத்தொம்பது வருசம்."

கூடத்தில் ஒரு சலசலப்பு. அதிகாரி அறிக்கையைப் புரட்டினார், பக்கத்தைக் கண்டுபிடித்தார், என்னைப் பார்த்தார்.

"கோஆர்டினேட்டர், இந்த சர்வே நீங்க செய்ததல்லே? இவிடெ ஆள் உண்டா, இல்லையா?"

எழுந்து நின்றேன். பக்கத்தில் ஸ்ரீகண்டன் சார் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த நகலில் பக்கத்தைத் தேடுவது போலப் புரட்டினேன். அதற்குள் சுடலைமாடத்தியே மைக்கில் சொல்லிவிட்டாள்.

"அவிய மேல குத்தமில்ல சாரே. யாரும் இல்லன்னு நாந்தான் கள்ளம் சொன்னேன். அவிய பாவம், கேட்டத எழுதுனாவ."

அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்ததும் நகலை மூடினேன். "இல்லை சார்" என்றேன். "அவங்க சொன்னது மட்டும் இல்ல. நான் உள்ளே பார்த்தேன். அடுப்பு இருந்தது. குடும்பங்கள் இருக்கு. தெரிஞ்சேதான் பூஜ்யம் போட்டேன்."

அதிகாரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எதையோ குறித்துக்கொண்டு, வரும் புதன்கிழமை நேரில் வந்து சரிபார்ப்பார்கள் என்று அறிவித்தார். கடைசி வரிசையில் யாரோ கை தட்டினார்கள். வெளியே வந்ததும் சுடலைமாடத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதிருப்பேன், மழை பெய்துகொண்டிருந்ததால் தப்பித்தேன்.

"புதன்கிழமை சட்டியத் தட்டாதிங்க" என்றேன். "பலகை எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க. அடுப்பு எரியட்டும். துணி காயப் போடுங்க, பிள்ளைகள ஸ்கூலுக்கு விடாண்டாம், வாசல்ல இருந்து படிக்கட்டும். வீடு வீடா தெரியணும்."

"வெளிய பூசலியே" என்றார் அதுவரை வாய் திறக்காத வேல்சாமி. "குடோன் மாதிரி இருக்கணும்னுதான் வெளிப்பூச்சு பூசவே இல்ல. பச்சக் கல்லாக் கெடக்கு."

"முடிஞ்சதப் பூசுங்க."

புதன்கிழமை ஸ்ரீகண்டன் சார் என்னை ஆபீசை விட்டு நகர விடவில்லை. சாயங்காலம் அனுஷா ஒரு கடையிலிருந்து போன் செய்தாள். பின்னால் ஒரே கூச்சல், சந்தோஷத்தில் அவள் பேச்சில் மலையாளம் முந்திக்கொண்டு வந்தது. "அங்கிள், வந்து! ஆறு பேரு. எல்லா வீட்டையும் போட்டோ எடுத்து. அச்சன் பேரு, அம்மா பேரு எல்லாம் எழுதி ஒப்பு வாங்கி. சுவத்துல நம்பர் இட்டு அங்கிள், சிவப்புப் பெயிண்ட்ல! நம்ம வீடு பதினேழு!"

அவள் "நம்ம வீடு" என்றதில் எனக்கும் சந்தோஷம். முத்தாரம்மாளிடம் சொன்னேன். அவள் அன்றைக்கு எனக்குப் பிரியமான உள்ளித்தீயல் வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கடிதத்தின் நகல் ஆபீசுக்கு வந்தது. ஸ்ரீகண்டன் சார் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லை, சிரித்துக்கொண்டுதான் நீட்டினார். மாவடிக்கடவில் சர்க்கார் நிலத்தில் நாற்பத்து மூன்று ஆக்கிரமிப்புகள் இருப்பது நேரில் பார்த்து, படம் எடுத்து, ஆக்கிரமித்தவர்களின் கையெழுத்தோடு உறுதி செய்யப்பட்டது. எண் இடப்பட்ட எல்லாம் பதினைந்து நாளுக்குள் அகற்றப்படும். குழாய் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும் என்பதால், திட்டத்தால் பாதிக்கப்படும் குடும்பம் இல்லை.

"தான் பேசினது நல்லதாப் போச்சு கோலப்பா" என்றார். "இனி யாரும் கோர்ட்டு கேஸுக்குப் போக முடியாது. டேபிள் மாத்தவே வேண்டாம்."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எப்படியும் சொல்லிவிட வேண்டும், சாமான்களையாவது முன்கூட்டியே எடுத்துக்கொள்வார்கள் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன்.

மழை வெறித்திருந்தது. பாதையில் வந்த என்னைப் பார்த்தும் யாரும் சட்டியைத் தட்டவில்லை. பலகைகள் எல்லாம் ஒரு ஓரத்தில் அடுக்கிக் கிடந்தன. ஆற்றங்கரையில் முதல் தடவையாக ஒரு தெரு தெரிந்தது. எல்லா வீட்டிலும் புகை, எல்லாக் கொடியிலும் துணி. சங்கடமாக இருந்தது எனக்கு, அவ்வளவு அழகாக இருந்தது.

வேல்சாமி ஏணியில் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தார். சாந்தை வீசி, மட்டப்பலகையால் தேய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மறுபடி தேய்த்தார். பதினேழு என்ற சிவப்பு எண்ணைச் சுற்றி மட்டும் சாந்து படாமல் ஒரு சதுரம் விட்டிருந்தார். விளிம்பு ரசமட்டம் வைத்தது போல நேராக இருந்தது.

"நம்பர் மேல கை படாமப் பூசுதேன் அண்ணாச்சி" என்றார். "சுத்தி ஒரு பார்டர் எடுத்துவிட்டா எடுப்பா இருக்கும். எத்தனையோ பங்களாவுக்கு வெளிப்பூச்சு பூசியிருக்கேன், இந்தக் கை இப்பதான் சொந்தச் சொவத்துல நிக்கி."

சுடலைமாடத்தி என்னை விடவில்லை. வாசலில் எல்லோரும் பார்க்க உட்காரவைத்து, வேகவைத்த மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். சட்டைப் பையில் கடிதம் இருந்தது. பேச வாயெடுத்தேன், அதற்குள் அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் மெல்லக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? இனிமே எந்த ஆபீசர் வந்து கேட்டாலும் இங்கதான் தாமசம்னு தைரியமாச் சொல்லலாம்லா?"

பத்தொன்பது வருஷத்துப் பயம் அந்தக் கண்ணில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது.

"சொல்லலாம்" என்றேன்.

அவள் எழுந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரைவரை கேட்கிற மாதிரி, மற்ற நாற்பத்திரண்டு வீட்டையும் பார்த்துக் கூவினாள்.

"ஏட்டி, கேட்டியளாட்டி! சொல்லலாமாம்! சார் சொல்லிட்டாவ!"